கோப்பு சொல்லாததும் கணினி ஊகிப்பதும்

கணினியில் சேமிக்கப்படும் எளிய உரைக்கோப்பு, அதாவது நிறமோ பக்க அமைப்போ எழுத்துருத் தேர்வோ இன்றி எழுத்துகளை மட்டும் வரிவரியாகத் தாங்கி நிற்கும் கோப்பு, தான் எந்த முறைப்படி எழுதப்பட்டது என்பதைத் தன்னுள் பொதுவாகச் சொல்லிவைப்பதில்லை. அதற்குள் இருப்பவை எண்கள் மட்டுமே. 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைத் தாங்கக்கூடிய எட்டு பிட்டுகளின் தொகுதியான பைட் என்பதே கோப்பின் அலகு. இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று வகுத்துக்கொள்ளும் உடன்பாடு குறியாக்கம் எனப்படுகிறது. எழுதியவரும் படிப்பவரும் ஒரே உடன்பாட்டைப் பின்பற்றும்வரை கோப்பு உரையாக இருக்கிறது. உடன்பாடு மாறும்போது அதே எண்கள் வேறு எழுத்துகளாகத் திரிகின்றன. கோப்பு சொல்லாத இந்தச் செய்தியை நிரலை எழுதியவரும் சொல்லாமல் விட்டால், நிரல்மொழி தானாகவே ஒரு குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. நிரலர்களின் பேச்சில் 'டீஃபால்ட்' என்றும் கணித்தமிழில் முன்னிருப்பு என்றும் வழங்குவது இதுதான்.

பல முக்கியமான நிரல்மொழிகளில் இந்த முன்னிருப்பு நெடுங்காலம் ஒரு முடிவாக இல்லாமல் ஓர் ஊகமாகவே இருந்துவந்தது: கணினி எந்த நாட்டுக்கென அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்நாட்டின் மொழியில்தான் அதிலுள்ள கோப்புகளும் இருக்கும் என்ற ஊகம். அந்த ஊகத்தின் பட்டியலில் தமிழ் ஒருபோதும் இடம்பெற்றதில்லை. தமிழில் தரவைக் கையாளும் நிரல்கள் காரணம் தெரியாமல் நின்றுபோவதற்கும், பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் அணிவகுப்பதற்கும் வேர் அங்கே இருக்கிறது.

இதனைக் கண்ணால் காணக்கூடிய நிலப்பகுதி ஒன்று சென்னைக்கு மேற்கே இருக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளின் வேலையாட்கள் குடியிருக்கும் ஊர்களுள் ஒன்றாகவும் ஆகியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய், ஒரகடத்தில் ஜப்பானின் நிசானும் பிரான்சின் ரெனோவும் கூட்டாக அமைத்த கார் ஆலை, அதே ஒரகடத்தில் ஜெர்மனியின் டைம்லர், ஸ்ரீபெரும்புதூரில் தைவானின் ஃபாக்ஸ்கான் எனப் பல நாட்டு நிறுவனங்கள் சில மைல்களுக்குள் நெருங்கி நிற்கும் பகுதி இது. இந்நாடுகள் ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் இயங்குதளம் ஒரு குறிப்பக்கத்தை, அதாவது எண்ணிட்ட ஒரு குறியாக்க அட்டவணையை, ஒதுக்கியிருந்தது. கொரியாவுக்கு 949, ஜப்பானுக்கு 932, தைவானுக்கு 950, ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட மேற்கு ஐரோப்பாவுக்கு 1252. தாய்லாந்துக்கு 874, வியட்நாமுக்கு 1258 என்று ஆசிய மொழிகள் பிறவற்றுக்கும் எண்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஓர் எண் இல்லை. விண்டோஸ் 2000 பதிப்பில் தமிழ் முதன்முதலாக இயங்குதளத்தின் பகுதியாக வந்தபோது அது யூனிகோடு வழியாக மட்டுமே வந்தது. பழைய குறிப்பக்கங்களை நம்பியிருந்த நிரல்களுக்குத் தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. 'ஆங்கிலம் (இந்தியா)' என அமைக்கப்பட்ட கணினிக்குக் கிடைத்த குறிப்பக்கம் 1252. ஒரகடத்தில் இருக்கும் கணினியும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் கணினியும் உரைக்கோப்பைப் பற்றி ஒரே ஊகத்தைச் செய்தன. ஸ்டுட்கார்ட்டில் அது பெரும்பாலும் சரியாக இருந்தது.

ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் செய்தி தெளிவாகும். குன்றத்தூர் என்ற சொல்லில் தமிழ் இலக்கணப்படி ஆறு எழுத்துகள் உள்ளன. 1990களின் பிற்பகுதியில் பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்ற குறியாக்கத்தில் இச்சொல் ஆறு பைட்டுகளில் அடங்கிவிடும். ஏனெனில் கு, தூ போன்ற உகர ஊகார உயிர்மெய்களுக்கும் புள்ளியிட்ட மெய்களுக்கும் அதில் தனித்தனி எண்கள் உண்டு. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் இரண்டு பைட் ஒதுக்கும் டேஸ்-16 முறையில் பன்னிரண்டு பைட்டுகள் ஆகும். யூனிகோடு வேறு வழியில் செல்கிறது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி, அது உயிர்களுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கொம்பு, கால், புள்ளி முதலிய குறிகளுக்கும் மட்டும் எண் தந்திருக்கிறது. 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அதன்படி குன்றத்தூர் பதினொரு குறிகளாகப் பிரிகிறது. இந்த எண்கள் 255ஐத் தாண்டியவை என்பதால் அவற்றைப் பைட்டுகளாக எழுத இன்னொரு விதி வேண்டும். அவ்விதிகளுள் இன்று எங்கும் பரவியிருக்கும் யூடிஎஃப்-8, ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று பைட்டுகளாக எழுதுகிறது. ஆக, குன்றத்தூர் 33 பைட்டுகள். ஆறு எங்கே, முப்பத்து மூன்று எங்கே என்ற மனக்குறை அக்காலத்துத் தமிழ்க் கணிமை விவாதங்களில் உரக்க ஒலித்தது. சேமிப்பகமும் இணைய வேகமும் மலிவாகிவிட்ட இன்று அதற்கு முன்பிருந்த கூர்மை இல்லை.

யூனிகோடுக்கு முற்பட்ட தமிழ் எப்படி இந்த முன்னிருப்பைச் சமாளித்தது என்பது சற்று விரித்துச் சொல்லத்தக்கது. 1963இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட ஆஸ்கி அட்டவணை 128 எண்களை மட்டுமே பயன்படுத்தியது. ஒரு பைட்டில் எஞ்சிய 128 எண்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு நிரப்பிக்கொண்டது. தமிழர்கள் அந்த இடங்களைக் குறிப்பக்கமாக நிரப்பவில்லை, எழுத்துருவாக நிரப்பினார்கள். கோப்பில் 171 என்ற எண் இருந்தால் விண்டோஸ்-1252 அட்டவணைப்படி அது இரட்டைக் கோண மேற்கோள்குறி. திஸ்கி எழுத்துரு நிறுவிய கணினியில் அதே இடத்தில் அகரத்தின் வடிவம் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது ஐரோப்பிய உரையாகவே இருந்தது. மனிதக் கண் மட்டும் அதனைத் தமிழாகக் கண்டது. ஈழத்தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துரு இன்னும் ஒருபடி மேலே சென்று, விசைப்பலகையின் ஆங்கில எழுத்துகள் மீதே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தது. அதில் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்படும். இத்தகைய உரையை எந்த நிரல்மொழியின் எந்த முன்னிருப்பும் சேதப்படுத்த முடியாது. யூனிகோடு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அச்சகங்களும் அலுவலகங்களும் பழைய எழுத்துருக்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குப் பழக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. அவர்களிடமிருந்த மென்பொருள்களில் மாறுவேடமிட்ட தமிழ் பிழைத்தது, உண்மையான தமிழ் பிழைக்கவில்லை.

மாறுவேடத்துக்கு விலையும் இருந்தது. அகரவரிசைப்படுத்தல், தேடல், ஒரு கோப்பை வேறொருவருக்கு அனுப்புதல் எனச் சாதாரண வேலைகள் ஒவ்வொன்றும் எழுத்துருவைச் சார்ந்து நின்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. திஸ்கி அவற்றிலிருந்து வேறுபட்ட பாதையில் தொடர்ந்தது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய வேளையில் அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரங்களாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தின் கோப்புகள் எத்தனை வகைப்பட்டவை என்பதற்கு மதுரைத் திட்டம் நல்ல சான்று. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிவைத்த இந்தத் தன்னார்வ மின்னூல் முயற்சி, தமிழ் இலக்கியங்களைத் திஸ்கியிலும் பின்னர் யூனிகோடிலும் வெளியிட்டது. குன்றத்தூர்க்காரரின் பெரியபுராணமும் அத்திட்டத்தில் இடம்பெற்ற நூல்களுள் ஒன்று. திஸ்கிக் கோப்பையும் யூனிகோடுக் கோப்பையும் பெயரை மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எந்த முறையில் எழுதப்பட்டது என்று அறிவிக்கும் குறிப்பு எளிய உரைக்கோப்பின் வெளியே எங்கும் இல்லை.

உண்மையான தமிழ், அதாவது யூடிஎஃப்-8இல் எழுதப்பட்ட யூனிகோடுத் தமிழ், 1252 என்ற முன்னிருப்போடு மோதும்போது நிகழ்வதைப் பைட் பைட்டாகப் பார்க்கலாம். தமிழின் ஒவ்வொரு குறியும் 224 என்ற பைட்டில் தொடங்குகிறது. இரண்டாவது பைட் 174 அல்லது 175. மூன்றாவது, குறிக்கு ஏற்ப 128 முதல் 191 வரை. 1252 அட்டவணையில் 224 என்பது தலையில் சாய்கோடிட்ட ஆங்கில 'ஏ'. 174 என்பது பதிவுபெற்ற வணிகக்குறியைக் காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்'. 175 என்பது மேற்கோடு. தமிழ்க் கோப்பு கெட்டுத் தெரியும்போது சாய்கோடிட்ட அந்த 'ஏ' மீண்டும் மீண்டும் வருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். மூன்று பைட்டுக்கு ஒருமுறை அது வந்தே தீரும். அதே கோப்பைக் கொரியாவின் 949ஆகவோ ஜப்பானின் 932ஆகவோ கொண்டு திறந்தால், பைட்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத கிழக்காசிய எழுத்துகளாகத் தோன்றும்.

ஆயினும் தோற்றக் கேடு இதில் சிறிய தீமையே. 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டுள்ளன: 129, 141, 143, 144, 157. மூன்றாம் பைட்டாக 129 வருவது உகரக் குறிக்கு. 141 வருவது புள்ளிக்கு. 143 ஏகாரத்துக்கும் 144 ஐகாரத்துக்கும் வருகின்றன. தமிழில் உகரமும் புள்ளியும் இல்லாத வரி அரிது என்பதால், 1252 வழியாகச் செல்லும் தமிழ் உரை இந்தப் பள்ளங்களில் விழாமல் போவதற்கில்லை. குன்றத்தூர் என்ற பெயர் முதல் எழுத்திலேயே விழுகிறது: ககரத்துக்கு மூன்று பைட், உகரக் குறிக்கு மூன்று பைட், அவற்றின் ஆறாவது பைட் 129. ஸ்ரீபெரும்புதூர், மாங்காடு, படப்பை, ஒரகடம், திருமுடிவாக்கம் என்று சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெயரை எடுத்தாலும் எங்காவது ஓரிடத்தில் தடுக்கும்.

தடுக்கும் இடத்தில் என்ன செய்வது என்பதில் நிரல்மொழிகள் வேறுபடுகின்றன. பைத்தான் மொழி, 129க்கு எழுத்து இல்லை என்று பிழை அறிவித்து நின்றுவிடுகிறது. ஜாவா நிற்பதில்லை, காலியிடத்தில் 'அறியப்படாத எழுத்து' என்பதற்கான மாற்றுக்குறியை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டே போகிறது, அந்த உரையைத் திரும்ப 1252இல் எழுதும்போது அவ்விடத்தில் கேள்விக்குறியை, அதாவது 63 என்ற பைட்டை, இடுகிறது. எழுதும் திசையில் வேறுபாடு இன்னும் கடுமையானது. நினைவகத்தில் சரியாக இருக்கும் தமிழ்ப் பெயரை 1252 கோப்பில் எழுதச் சொன்னால், பைத்தான் இயலாது என்று மறுக்கிறது. ஜாவா பதினொரு குறிகளுக்கும் பதினொரு கேள்விக்குறிகளை எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்புகிறது. நின்றுபோகும் நிரலின் மீது பயனருக்குக் கோபம் வருவது இயல்பு என்றாலும், மௌனமாகக் கேள்விக்குறி எழுதும் நிரலே ஆபத்தானது என்பதை, மாதங்கள் கழித்து அந்தக் கோப்பைத் திறக்க நேர்பவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

ஆலைகளின் அன்றாட வேலையில் இது எங்கெல்லாம் குறுக்கிடக்கூடும் என்பதை ஊகிக்க அதிகச் சிரமம் வேண்டியதில்லை. கம்பெனி பஸ் எந்த ஷிப்டுக்கு எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்ற பட்டியல் தமிழில் தயாராவதாகக் கொள்ளலாம். அது காற்புள்ளியால் பிரித்த வரிகளைக் கொண்ட சிஎஸ்வி கோப்பாக, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செல்கிறது. நிரலை எழுதியவரின் லினக்ஸ் கணினியில் முன்னிருப்பு யூடிஎஃப்-8 என்பதால் எல்லாம் சரியாக நடக்கிறது. அதே நிரல் அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் 1252ஐ எடுத்துக்கொள்கிறது. இரவில் ஆளில்லாமல் தானாக ஓடும் வேலையாக அது சர்வரில் அமைக்கப்பட்டால், அங்கே மொழி அமைப்பு எதுவும் குறிக்கப்படாத வெற்றுச் சூழல் நிலவக்கூடும். அச்சூழலில் பழைய ஜாவா பதிப்புகள் வெறும் ஆஸ்கியை முன்னிருப்பாகக் கொள்கின்றன, ஆஸ்கியில் தமிழுக்கு ஓரிடமும் இல்லை. மூன்று இடங்களிலும் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. பிழை நிரலில் இருப்பதாகத் தெரியாததால், தேடுபவர் கோப்பை அனுப்பியவரைக் குறை சொல்கிறார், அனுப்பியவர் பெறுபவரின் கணினியைக் குறை சொல்கிறார்.

எக்செல் இந்தச் சங்கிலியின் பழகிய கண்ணி. சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால், அதன் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் முகப்புக்குறி இருந்தாலொழிய, எக்செல் அதனைக் கணினியின் பழைய குறிப்பக்கப்படியே படிப்பது நெடுநாள் வழக்கம். முகப்புக்குறியைச் சேர்த்தால் எக்செல் திருப்தியடையும். ஆனால் அக்குறியை எதிர்பாராத வேறு நிரல், முதல் நெடுவரிசைத் தலைப்பின் பகுதியாக அதனை எடுத்துக்கொண்டு, 'பெயர்' என்ற தலைப்பே கோப்பில் இல்லை என்று சொல்லும்.

தரவில் மட்டுமன்றி நிரலிலேயே தமிழ் இருக்கும் இடத்தில் சிக்கல் இலக்கணச் சிக்கலாகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், கட்டளைச் சொற்களைத் தமிழிலேயே எழுத இடம்தரும் நிரல்மொழி. அதன் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி, பின்கொடு, நிரல்பாகம் ஆகியவை அதன் கட்டளைச் சொற்களுள் சில. இவை ஒவ்வொன்றிலும் புள்ளியோ உகரமோ இருப்பதைக் கவனிக்கலாம். 1252 என்ற ஊகத்தோடு திறக்கப்பட்டால் இவற்றுள் ஒன்றுகூடப் பிழைக்காது. ஆங்கிலச் சொற்களால் ஆன மொழியில் முன்னிருப்பு தவறினால் உரைத்துண்டுகள் மட்டும் கெடும். தமிழ்ச் சொற்களால் ஆன மொழியில் மொழியே இல்லாமல் போகும். ஆகவே அத்தகைய மொழியின் இயக்கி, மூலநிரல் எந்தக் குறியாக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தானே விதித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு இடர்ப்பாடும் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதனால்தான் தீர்வும் வந்தது. யூடிஎஃப்-8ஐ 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தார்கள். ஆஸ்கிக் கோப்புகள் மாற்றமின்றி அதிலும் செல்லும் என்பதே அது பரவியதற்கு முதற்காரணம். அவ்விருவரும் பங்கேற்று 2009இல் வெளியான கோ மொழியில், மூலநிரல் யூடிஎஃப்-8 என்று விதிக்கப்பட்டுவிட்டது. கணினியின் நாட்டைக் கேட்டறியும் வழக்கமே அங்கு இல்லை. பழைய மொழிகளுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. ஜாவாவில் கோப்பைப் படிக்கும் பழைய வகுப்பு ஒன்றுக்குக் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லும் வசதியே 2018இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதற்குள் சேர்க்கப்பட்டிருந்த புதிய வகுப்புகளோ யூடிஎஃப்-8ஐ முன்னிருப்பாகக் கொண்டிருந்தன. ஒரே மொழிக்குள் ஒரு கதவு நாட்டைக் கேட்டது, பக்கத்துக் கதவு கேட்கவில்லை. ஜெப் 400 என்ற முன்மொழிவின்படி 2022 மார்ச்சில் வெளியான ஜாவா 18 இந்த இரட்டை நிலையை முடித்து, எல்லா இயங்குதளங்களிலும் கோப்புகளுக்கு யூடிஎஃப்-8 என்று அறிவித்தது. தொழில் நிறுவனங்கள் பெரும்பாலும் நீண்டகால ஆதரவுடைய பதிப்புகளையே பயன்படுத்துவதால், அவ்வகையில் இந்த மாற்றத்தைக் கொண்ட முதற்பதிப்பு 2023இன் ஜாவா 21 ஆகும். 8, 11, 17 ஆகிய பதிப்புகளில் ஓடும் மென்பொருள்கள் பழைய ஊகத்திலேயே தொடர்கின்றன.

பைத்தான் மெதுவாக நகர்ந்தது. 2008இல் வந்த 3ஆம் பதிப்பு மூலநிரலுக்கு யூடிஎஃப்-8ஐ முன்னிருப்பாக்கிய போதிலும், நிரல் திறக்கும் கோப்புகளுக்குக் கணினியின் ஊகத்தையே விட்டுவைத்தது; எழுதப்படும் நிரல் ஒரு குறியாக்கத்திலும் அது படிக்கும் தரவு இன்னொன்றிலும் என்ற இந்த அரைகுறைத் தீர்வு, தமிழ் மாணவர்கள் விண்டோஸ் கணினியில் தம் முதற்பயிற்சியிலேயே இடறிவிழக் காரணமாயிற்று. 2018இன் 3.7 பதிப்பு, விரும்பினால் இயக்கிக்கொள்ளக்கூடிய யூடிஎஃப்-8 நிலையைச் சேர்த்தது. ஜப்பானியரான இனாடா நவோகி எழுதிய பெப் 686 முன்மொழிவு ஏற்கப்பட்டு, அந்த நிலை 3.15 பதிப்பிலிருந்து தானாகவே இயங்கும் என்று முடிவாகியுள்ளது. அப்பதிப்பு 2026 அக்டோபருக்குத் திட்டமிடப்பட்டது. விண்டோஸின் நோட்பேடும் 2019இல் புதிய கோப்புகளை யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியது. தமிழ் முதன்முறையாக ஒரு முன்னிருப்பின் உள்ளே வந்திருக்கிறது. தமிழுக்கென யாரும் செய்த ஏற்பாடாக அன்றி, எல்லா மொழிக்கும் பொதுவாக.

பலரும் கவனிக்காத ஒரு நன்மையும் இதில் உண்டு. யூடிஎஃப்-8இல் தொடக்கப் பைட்டுக்குப் பின் எத்தனை பைட்டுகள் வரவேண்டும், அவை எந்த எல்லைக்குள் இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு உள்ளதால், வேறு குறியாக்கத்தில் எழுதிய கோப்பு தற்செயலாக யூடிஎஃப்-8ஆகச் செல்லுபடியாவது மிக அரிது. திஸ்கியில் எழுதிய பெரியபுராணத்தை யூடிஎஃப்-8 என்று கொண்டு திறந்தால் சில பைட்டுகளுக்குள் பிழை வெளிப்பட்டுவிடும். 1252க்கு அந்தக் கண்டிப்பு இல்லை. ஐந்து பள்ளங்களைத் தவிர எதைக் கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும், திஸ்கியையும் கொரியத்தையும் ஒரே முகத்தோடு ஐரோப்பிய உரையாக வாசிக்கும். தவறை மறுக்கத் தெரியாத குறியாக்கம் முன்னிருப்பாக இருந்ததே பழைய ஏற்பாட்டின் உள்ளார்ந்த குறை.

கெட்டுப்போன கோப்புகளை மீட்கும் வாய்ப்பும் இந்த எண்களிலிருந்தே தெரியவருகிறது. எழுத்துகள் திரிந்து தெரிந்தாலும் பைட்டுகள் அப்படியே இருந்தால் சரியான குறியாக்கத்தில் திரும்பத் திறந்தாலே போதும். திஸ்கிக் கோப்புகளை லினக்ஸ் கணினிகளில் உள்ள ஐகான்வ் என்ற மாற்றுக்கருவி யூனிகோடாக்கித் தரும். ஜாவா போல் பள்ளங்களை மாற்றுக்குறியால் மூடிய நிரல் ஒருமுறை படித்து 1252இலேயே திரும்ப எழுதிவிட்டால் நிலைமை பாதியளவு மோசம்: 224, 174 என்ற பைட்டுகளுக்குப் பின் 63 நின்றால் அங்கு இருந்தது ஏகாரம் அல்லது ஐகாரம், 224, 175 என்ற பைட்டுகளுக்குப் பின் நின்றால் உகரக் குறி அல்லது புள்ளி. இரண்டில் எது என்பதைக் கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லை அறிந்த தமிழ் வாசகரால் முடியும். முழுப்பெயரும் கேள்விக்குறிகளாக எழுதப்பட்ட கோப்பில் எஞ்சியிருப்பது குறிகளின் எண்ணிக்கை மட்டும். அதற்கு மூலத்தைத் தேடி எடுத்து மறுபடி தட்டச்சு செய்யவேண்டும்.

புதிய முன்னிருப்பால் பாதிக்கப்படும் கோப்புகளும் ஆலைகளில் உண்டு என்பது இந்த மாற்றத்தின் மறுபக்கம். அளவீட்டுக் கருவிகள் வெளியிடும் பதிவுகளில் வெப்பநிலைப் பாகைக்குறி, மைக்ரோமீட்டரைக் காட்டும் மியூ, கூட்டல்-கழித்தல் குறி ஆகியவை வருவது வழக்கம். 1252இல் அவை முறையே 176, 181, 177 என்ற ஒற்றைப் பைட்டுகள். யூடிஎஃப்-8இல் அந்த எண்கள் தனித்து நிற்கக்கூடாதவை. இதுவரை ஊகம் சரியாக இருந்ததால் மட்டும் ஓடிக்கொண்டிருந்த பைத்தான் நிரல், மொழியின் பதிப்பு உயர்த்தப்பட்ட நாளில் முதல் பாகைக்குறியிலேயே நின்றுவிடும். இதற்காகவே பைத்தானின் 3.10 பதிப்பு, குறியாக்கத்தின் பெயர் சொல்லாமல் கோப்பைத் திறக்கும் வரிகள் ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை ஒன்றை, வேண்டுவோர் இயக்கிக்கொள்ளும் வகையில் சேர்த்தது. கணினியின் பழைய குறிப்பக்கமேதான் வேண்டும் என்று தெரிந்தே கேட்பவர்கள் அந்த இடத்தில் 'லொக்கேல்' என்று எழுதிவைக்கலாம். ஜாவா 18இலும் பழைய நடத்தையைத் திரும்பப் பெறும் அமைப்பு ஒன்று விட்டுவைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அது நிரல் முழுவதற்கும் பொருந்துவது. அளவீட்டுப் பதிவையும் தமிழில் எழுதிய பஸ் பட்டியலையும் ஒரே நிரல் படிக்குமானால், முதலாவதைத் திறக்கும் வரியில் விண்டோஸ்-1252 என்றும் இரண்டாவதைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்றும் தனித்தனியே எழுதித்தான் ஆகவேண்டும்.